தகர வண்டியில் செம்மண்

எங்கள் வட்டாரத்தில் ரயில் விட்டவர்கள் நாலு பேர். அவர்களில் மூன்று பேர் தரையில் மட்டும் விட்டார்கள். என் அப்பா ஒருவர்தான் நிஜத் தண்டவாளத்திலும் விட்டவர். இன்ஜின் ஷெட்டு திருச்சியில், வீடு புதுக்கோட்டையில், வேலை கூட்ஸ் வண்டி டிரைவர். ராத்திரியும் பகலும் இன்ஜினில் வெந்துவிட்டு வருகிற மனுஷர், குளித்துச் சாப்பிட்ட கையோடு பிஸ்கட் தகரத்தை வெட்டி வேகன் செய்ய உட்கார்ந்துவிடுவார். "சமையக்காரன் வீட்டுக்கு வந்தும் சொப்பு வச்சு வெளையாடுன கதையா இருக்கு" என்று அம்மா சொல்வாள்.

அணா போய் நயா பைசா வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. இந்த நாலு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்குப் பெரியப்பா வீட்டில் கூடுவார்கள். பெரியப்பா எங்களுக்கு உறவில்லை, மரியாதைக்குச் சொல்வது. திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வருகிற மாதிரியான வீடு அவருடையது. பினாங்கில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு திரும்பியபோது, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றை மரப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். பேரன் பிறந்தால் கொடுக்க என்று வாங்கியதாம். பேரன் பிறந்து பள்ளிக்கூடமும் போய்க்கொண்டிருந்தான். ரயிலைத் தொடுவதற்கு மட்டும் அவனுக்கு இன்னும் வயசு வரவில்லை.

மற்ற இருவரில் ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. டவுனில் கடிகாரம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இன்ஜினின் சுருள்வில் எத்தனை தடவை அறுந்தாலும் அதற்கு உயிர் கொடுப்பவர் அவர்தான். இன்னொருவர் டிராயிங் வாத்தியார். காகிதக் கூழில் மலை செய்வார், துடைப்பக் குச்சியில் பனைமரம் செய்வார். பெரியப்பா வீட்டுக் கூடத்தின் வழவழப்பான தரையில் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரை பாதை போட்டு, அந்த மாதம் அவரவர் செய்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

தங்களுக்குள் அதைச் சங்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். சங்கத்துக்கு இரண்டே சட்டம். ஒருவர் செய்து கொண்டுவந்ததை அவர் சொல்லாமல் இன்னொருவர் தொடக்கூடாது. காப்பி வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மற்றவர் வேலையில் ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும். பாராட்டை அவரவர் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்பது பெரியப்பாவின் கட்சி. எந்த வீட்டிலும் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஒரு தடவை டிராயிங் வாத்தியார் திருமயம் கோட்டையை மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்துகொண்டு வந்தார். மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோட்டை சரி சார். கொக்கு எங்க? அந்தக் கொளத்துல எந்நேரமும் ஒரு கொக்கு நிக்குமே" என்றார். அடுத்த மாதம் வாத்தியார் கொக்கோடு வந்தார்.

எனக்கும் அங்கே உத்தியோகம் உண்டு. மாமா செய்த சிக்னல் கைகாட்டியின் நூலைப் பிடித்திருப்பேன். இழுத்தால் கை இறங்கும், வண்டி புறப்படும். வீட்டில் குட்டிக்கரணம் போட்டாலும் திரும்பிப் பார்க்காத பெரிய மனுஷர்கள் நாலு பேர் என் விரலையே பார்த்துக் காத்திருப்பார்கள். அந்தப் பெருமைக்காகவே மாதம் பிறக்காதா என்று இருப்பேன்.

அந்த வருஷம் கோடையில், தெற்கே போகும் பாதையில் ஒரு செம்மண் வளைவில், அப்பாவின் வண்டியில் அடிபட்டு ஒரு பெண்பிள்ளை இறந்துபோனாள். ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறியவள். என் வயதுதான். சிவப்புப் பாவாடை கட்டியிருந்தாளாம். அப்பா எதையும் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதிகாரிகள் வந்து விசாரித்து, டிரைவர்மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரும் அதைத்தான் சொன்னது. அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்புவார், ஆனால் பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ போகும். அதுவரை அப்பாவிடம் எனக்குப் பயம் என்பதே கிடையாது. அந்த நாட்களில்தான் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம், "ஆத்தா, அந்தச் செவப்புப் பாவாடையக் கட்டிக்கிட்டு வா" என்றார். எங்கேயோ திருவிழா என்று நினைத்துக்கொண்டு குதித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் இறங்கி, முள்ளுக் காட்டுக்குள் நடந்து, தண்டவாளத்துக்கு வந்தோம். தண்டவாளத்தின் நட்டநடுவில் என்னை நிறுத்தினார்.

"இங்கிட்டே நில்லு. நான் துண்டைத் தூக்குற வரைக்கும் அசையக் கூடாது."

"வண்டி வந்துருமாப்பா?"

"இப்ப வண்டி இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இந்தப் பாதையில் எந்த நேரத்துக்கு எந்த வண்டி என்பது அவருக்கு மனப்பாடம் என்று இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போகிறது என்பதுதான். கற்களுக்கு நடுவே ஆட்டுப் புழுக்கை காய்ந்து கிடந்தது. தண்டவாளம் எங்கோ 'டக்' என்றது. வெயில் தணிந்தால் இரும்பு அப்படிச் சத்தம் போடும் என்பார்கள். எனக்கு வண்டி வருகிற சத்தமாகத்தான் கேட்டது. ஓடலாம் என்றால் கால் வரவில்லை. அழுதால் கண் மறைத்து வண்டி தெரியாமல் போய்விடுமே என்று அழுகையையும் அடக்கிக்கொண்டு நின்றேன். வளைவுக்கு அந்தப் பக்கம் அப்பா கட்டைவிரல் அளவு தெரிந்தார். துண்டு உயர்ந்தது.

திரும்பி வந்து, "தெரியுது. அம்புட்டுத் தூரத்துலயே தெரியுது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பஸ்ஸில் வரும்போது என் கையை அவர் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை.

அந்த ராத்திரி எனக்குக் காய்ச்சல் வந்தது. விடிந்ததும் அம்மா விஷயத்தை என்னிடமிருந்து கறந்துவிட்டாள். மாமா வந்தபோது அடுப்படியில் வைத்து அவரிடம் சொன்னாள். "பிள்ளைய நிறுத்திப் பாத்திருக்காருடா. நாளைக்கு அவரே போயி நின்னு பாப்பாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. நீதான் ஏதாச்சும் பண்ணணும்." மாமா வாயாடி. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்றைக்குத் தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

அந்த மாதச் சங்கத்துக்கு அப்பா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பலகையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பிரித்ததும் என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வளைவு அப்படியே இருந்தது. அந்த இடத்துச் செம்மண்ணையே அள்ளி வந்து அப்பியிருந்தார். நிஜத்தில் பாதை எப்படி இறங்கியதோ அப்படியே பலகையையும் சரித்து, தண்டவாளத்தை வளைத்திருந்தார். தண்டவாளத்தின் நடுவில் களிமண்ணில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். அவள் இடுப்பில் சிவப்புத் துணி. என் பாவாடையின் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததற்கு எலியைத் திட்டிக்கொண்டிருந்தாள் அம்மா.

"கொறை சொல்லுங்க" என்றார் அப்பா.

யாரும் குறை சொல்லவில்லை. சங்கத்தில் அப்படி நடந்ததே இல்லை. டிராயிங் வாத்தியார் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மண்ணு நெறம் சரியா வந்திருக்கு" என்றார். அது குறையும் இல்லை, பாராட்டும் இல்லை.

பெரியப்பாவின் இன்ஜினுக்கு ஒரு வசதி உண்டு. தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதைத் தூக்கிவிட்டால், மேலே வருகிற இன்ஜினின் அடியில் தட்டி பிரேக் பிடித்துவிடும். அன்றைக்கு எந்த இடத்தில் பிள்ளை கண்ணில் பட்டாளோ, கணக்குப் போட்டு அந்த இடத்தில் அந்த நாக்கை வைத்திருந்தார் அப்பா. சாவி கொடுத்தார். என்னைப் பார்த்தார். நான் நூலை இழுத்தேன். இன்ஜின் தகர வேகன்களை இழுத்துக்கொண்டு இறக்கத்தில் வந்தது, நாக்கில் தட்டியது, பிரேக் பிடித்து, பொம்மைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

"நின்னுருச்சு. பாத்தீங்களா? நின்னுருச்சு" என்றார். "அவளப் பாத்த ஒடனே நான் பிரேக்கைப் போட்டிருந்தா அன்னைக்கும் நின்னிருக்கும். நான் எங்கயோ பராக்குப் பாத்திருக்கேன்."

மாமாதான் பேசினார். "மச்சான், நான் ஒரு கொறை சொல்றேன். நீங்க அன்னைக்கு லோடு வண்டில்ல ஓட்டுனீங்க? இது காலி டப்பா. காலி டப்பா நிக்கத்தான் செய்யும்."

அப்பா நியாயஸ்தர். சொன்ன குறையை எடுத்துக்கொண்டார். பெரியப்பாவிடம் இன்ஜினை இரவல் வாங்கி வந்தார், அடுத்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அதே வேலைதான். நிஜ வண்டியில் இன்ஜின் எவ்வளவு கனம், வேகனும் சரக்கும் எவ்வளவு கனம் என்று கணக்குப் பார்த்து, அந்த விகிதத்துக்குச் செம்மண்ணைக் கரண்டியால் அளந்து வேகன்களில் நிரப்புவார். எதுவரை மண் என்று உள்பக்கம் கோடு கிழித்திருந்தார். ஓட்டிப் பார்த்து முடிந்ததும் மண்ணைப் பழைய டின்னில் கொட்டி வைப்பது என் பொறுப்பு, பாரத்தோடு விட்டால் அச்சு வளைந்துவிடும். சாயங்காலம் ஆனால் கரகரவென்று சாவி திருகும் சத்தம் கேட்கும். நான் உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொள்வேன். சிவப்புத் துணி கட்டிய அந்தப் பொம்மை நான்தான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. என்றைக்காவது வண்டி நிற்காமல் போனால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நம்பினேன். நல்லவேளை, மண் ஏற்றிய பிறகும் வண்டி நின்றது. மயிரிழையில் நின்றது, ஆனாலும் நின்றது. நான் உயிர் பிழைத்தேன் என்று மூச்சு விடுகிற ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப்போனார். இது இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

லீவு முடிகிற சமயத்தில் அடுத்த சங்கம் வந்தது. போகும் வழியில் பஸ்ஸில் அப்பா மாமாவிடம் சொன்னார். "எல்லாரு முன்னாலயும் ஓட்டிக் காமிக்கிறேன் மாப்ள. இன்னைக்கும் நின்னுச்சுன்னா நான்தான் கொன்னேன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நான் இன்ஜின்ல ஏற மாட்டேன். எதுலயும் ஏற மாட்டேன்." மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரியப்பா வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு. பலகையையும் மண் நிரப்பிய வேகன்களையும் கூடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மாமா அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு வேகனின் மண்ணைக் கைக்குட்டையில் கொட்டி வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து வேகனுக்குள் அடுக்கினார். கோட்டைப்பட்டினத்தில் மீன் வலையில் கட்டுவார்களே, அந்தக் குண்டு. அங்கேயிருந்து கடிகாரம் ரிப்பேருக்கு வருகிற ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். குண்டின்மேல் மண்ணைப் போட்டு, கோடு வரை தட்டிச் சமன் செய்தார். மிச்ச மண்ணைக் கைக்குட்டையோடு பையில் திணித்தார். மற்ற வேகன்களையும் முடித்துவிட்டிருந்தார்.

நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அடுத்தவர் சாமானைத் தொடக்கூடாது என்பது சங்கத்தின் முதல் சட்டம். அதைவிடப் பெரிய குற்றம் உலகத்தில் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. தொட்டவரோ என் மாமா. அப்பாவின் வண்டியை எல்லோர் முன்னாலும் கெடுத்து, அவரை அவமானப்படுத்தப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். வண்டி நிற்காது, பொம்மைமேல் ஏறிவிடும், அப்புறம் என் கதி என்ன என்று நினைத்தபோது தூணை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாமா எழுந்து திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப வந்தே?"

"இப்பத்தான் மாமா."

"என்ன பாத்தே?"

"ஒண்ணும் பாக்கல மாமா."

அவர் என் தலையில் கை வைத்தார். விரலிடுக்கில் செம்மண் ஒட்டியிருந்தது. அப்பாவிடம் ஓடிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அந்த நாட்களில் அப்பாவிடம் போவதும் எனக்குத் தண்டவாளத்தில் போய் நிற்பது போலத்தான் இருந்தது.

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா சாவி கொடுத்துவிட்டு, நாக்கைத் தூக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார். நூலைப் பிடித்த என் விரல் வியர்த்துப்போயிருந்தது. இழுக்காமல் இருந்தால் ஒன்றும் நடக்காதே என்று ஒரு எண்ணம் வந்தது. "இழு ஆத்தா" என்றார் அப்பா. இழுத்தேன்.

வண்டி புறப்படும்போதே சிரமப்பட்டுத்தான் புறப்பட்டது. இறக்கத்தில் வேகம் பிடித்தது. நாக்கில் தட்டியது, பிரேக் விழுந்தது, சக்கரம் நின்றது. ஆனால் பின்னால் இருந்த வேகன்கள் நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு இன்ஜினை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. தகரம் இரும்பில் தேய்கிற அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும். பொம்மை சாய்ந்தது. தலை உடைந்து தரையில் உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் வீறிட்டுக் கத்தினேன்.

அப்பா கத்தவில்லை. தலை இல்லாத பொம்மையை எடுத்து அதே இடத்தில் நிறுத்தினார். வண்டியை மேலே கொண்டுபோனார். மறுபடியும் சாவி கொடுத்தார். மறுபடியும் நிற்கவில்லை. இன்னொரு தடவை. அப்போதும் நிற்கவில்லை.

பெரியப்பா மெதுவாகச் சொன்னார். "தம்பி, பாத்துட்டீங்கள்ல. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் அது நின்னிருக்காது."

அப்பா அப்படியே குனிந்து நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. டிராயிங் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கும் யாரும் குறை சொல்லவில்லை, காப்பி மட்டும் வந்தது. பாவி மாமா அப்பாவை இப்படி அழ வைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

லீவு முடிந்ததும் அப்பா வேலைக்குப் போனார், ரிட்டயர் ஆகும்வரை வண்டி ஓட்டினார் என்பதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று பாக்கி இருந்தது. வண்டியைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் மண்ணைக் கொட்ட வேண்டும். கொட்டினால் குண்டு விழும். குண்டு விழுந்தால் மாமா தொலைந்தார். கெட்டவர்தான், ஆனாலும் என் மாமா. பழைய டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், காலியான டம்ளரைத் தூக்கிக் காப்பி குடித்தார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வேகனைக் கையில் எடுத்தார். மாதம் முழுக்கக் கரண்டியால் அளந்து அவரே நிரப்பிய வேகன். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். மாமா டம்ளரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"ஆத்தா" என்றார் அப்பா, "இன்னைக்கு மண்ணக் கொட்ட வேணாம். அப்பிடியே பெட்டியில வச்சுரு."

"அச்சு வளைஞ்சுருமேப்பா."

"வளைஞ்சா வளையட்டும்."

பாவம், அப்பாவுக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு, மாமா தப்பித்துவிட்ட நிம்மதியில் வேகன்களை ஒவ்வொன்றாக வைக்கோலில் வைத்து மூடினேன்.